ஆறு நாறினால், நுரைத்தால், மீன் செத்து மிதந்தால்: டர்பன் ஆற்றங்கரையில் எங்கிருந்து தேடுவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ரிசர்வாயர் ஹில்ஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே பால்மீட் ஆறு ஓடுகிறது. பெரிய ஆறு இல்லை. பைன்டவுன் பக்கத்திலிருந்து இறங்கி, வெஸ்ட்வில் வழியாக வந்து, எங்கள் பகுதியைத் தாண்டி உம்கேனியில் சேருகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உம்கேனி புளூ லகூனில் கடலைத் தொட்டுவிடும். நானும் தெருவில் நாலைந்து பேரும் பல வருடமாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை இறங்கி நடந்து பார்க்கிறோம். திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுக் கோளாறுதான். சாட்ஸ்வொர்த்திலிருந்தும் இசிபிங்கோவிலிருந்தும் ஆட்கள் போன் செய்து "அண்ணா, ஆறு கறுப்பாப் போகுது, யாருகிட்ட சொல்றது?" என்று கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். உங்கள் ஆற்றில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பெரிய காரணம் கடைசியில்.

இறங்குவதற்கு முன்

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது வேண்டும். கம்பூட்ஸ், ரப்பர் கையுறை கட்டாயம், ஏனென்றால் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாண ஆறுகளில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கிறது, அது தோல் வழியாகவே உள்ளே போகும். காலில் புண் இருந்தால் அன்றைக்குக் கரையோடு நின்றுகொள்ளுங்கள். புதருக்குள் கை விடாதீர்கள், எங்கள் பக்கம் மாம்பா பாம்பு சாதாரணம்.

மழை பெய்துகொண்டிருந்தால், அல்லது மேலே மலைப்பக்கம் கறுத்திருந்தால், இறங்கவே கூடாது. 1917 அக்டோபர் 28-ல் உம்கேனி பொங்கி ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் தோட்டம் போட்டுக் குடியிருந்த நம் ஆட்களை அடித்துக்கொண்டு போனபோது, பாதவட்டான் குடும்பத்துப் பெயரால் இன்றும் நினைக்கப்படும் ஆறு மீனவர்கள் படகில் திரும்பத் திரும்பப் போய் 170-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள். அதே ஆறுதான், அதே தாழ்நிலம்தான்.

கையில் ஒரு கண்ணாடி பாட்டில், நீளக் குச்சி, பழைய சமையல் சல்லடை, வெள்ளைத் தட்டு, போன். நீச்சல் குளத்துக்கு விற்கிற, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். காகிதம் ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை, ஒரு தடவை பயன்பட்டாலே போதும்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவாக ஒன்று. கோளாறு தெரிகிற இடத்தில் காரணம் இருப்பது அபூர்வம், அது மேலே இருக்கும். ஆனால் மேலே முழுக்க நடக்க வேண்டியதில்லை. பாலங்களை வைத்துத் தேடுங்கள். உங்களுக்கும் ஆறு தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் உள்ள பாலத்துக்குக் காரில் போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே நாற்றம், அதே நிறம் என்றால் காரணம் அதற்கும் மேலே. அங்கே சுத்தமாக இருந்தால் அதற்கும் உங்களுக்கும் இடையில். மறுபடி பாதி, மறுபடி பாதி. மூன்று நான்கு பாலத்தில் ஒரு குழாய் வாயில் வந்து நிற்பீர்கள்.

தண்ணீர் நாறுகிறது

எங்களுக்கு வரும் போனில் முக்கால்வாசி இதுதான். முதலில் எந்த நாற்றம் என்று பிரியுங்கள்.

*அழுகிய முட்டை நாற்றம்.* தண்ணீர் குறைந்த குளிர்காலத்தில், அல்லது கழிமுகத்தில் கடல் வற்றிய நேரத்தில், சேற்றைக் குச்சியால் கிளறினால் கறுப்பாக வந்து குமிழி விடும். இலை தழை மூச்சில்லாமல் மட்கினால் அப்படித்தான் நாறும். சதுப்பில் அது இயல்பு, யாரையும் கூப்பிட வேண்டாம். ஆனால் போன வருடம் மணலாக இருந்த இடம் இந்த வருடம் கறுப்புச் சேறு ஆகியிருந்தால், மேலே எங்கோ கழிவு சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அடுத்த பத்திக்கு வாருங்கள்.

*கழிவறை நாற்றம்.* ஒரே கேள்வி: மழைக்குப் பிறகு மட்டும் நாறுகிறதா, வெயில் நாளிலும் நாறுகிறதா?

மழைக்குப் பிறகு மட்டும் நாறினால்

டர்பனில் மழைநீர் வடிகால் வேறு, சாக்கடைக் குழாய் வேறு. சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவை மட்டும் தாங்கும் அளவுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை யாராவது சாக்கடையில் கோர்த்துவிட்டால், ஒரு பெரிய மழையில் அத்தனை கூரைத் தண்ணீரும் அதற்குள் போய், பள்ளத்தில் ஆற்றோரமாக இருக்கும் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். எங்கள் தெருவில் மூன்று வருடம் மேலே இருப்பவர்களைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் சோதித்துப் பார்த்தால் என் வீட்டிலேயே, முந்தைய உரிமையாளர் காலத்தில் பின்கட்டு இழுத்துக் கட்டியபோது, கூரைக் குழாயைக் கழிவுத் தொட்டியில் விட்டிருக்கிறார்கள். அதைச் சரி செய்த பிறகுதான் மற்ற வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு வாய் வந்தது.

சோதிப்பது எளிது. மழையில்லாத நாளில் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைத் தாராளமாகக் கரைத்து, கூரைக் குழாயின் வாயில் ஊற்றுங்கள். ஒருவர் உங்கள் வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் சாக்கடைச் சோதனை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். மஞ்சள் அங்கே வந்தால் இணைப்பு தவறு. ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை. பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் கூலியும் குறையும், யாரையும் தனியாகச் சுட்டிக்காட்டின மாதிரியும் இருக்காது.

வெயில் நாளிலும் நாறினால்

முதல் காரணம் அடைப்பு. பொரித்த எண்ணெய், ஈரத் துடைப்புத் தாள், குழந்தை நாப்கின். சமையலறைத் தொட்டியில் சூடாக ஊற்றும் எண்ணெய் குழாயில் போய் மெழுகு மாதிரி உறைந்துவிடும். தீபாவளி முடிந்த வாரம் இது எங்கள் பக்கம் தவறாமல் நடக்கும். ஆற்றோரம் நடந்து ஒவ்வொரு மேன்ஹோலாகப் பாருங்கள். மூடி விலகியிருக்கிறதா, சுற்றிப் புல்லில் தாள் ஒட்டியிருக்கிறதா, மூடியிலிருந்து ஆறு வரை சாம்பல் நிறத் தடம் போகிறதா.

அது இல்லையென்றால் மழைநீர்க் குழாய் வாய்களைப் பாருங்கள். மூன்று நாள் மழையில்லாமல் இருந்தும் மழைநீர்க் குழாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அது மழைநீர் இல்லை. குடிநீர்க் குழாய் உடைப்பாக இருக்கலாம், அப்போது தெளிவாக, நாற்றமில்லாமல் வரும். வெதுவெதுப்பாக, சோப்பு வாசனையோடு, காலை ஆறிலிருந்து ஒன்பது வரை அதிகமாகவும் மதியம் குறைவாகவும் வந்தால் யாருடைய குளியலறையோ அதில் கோர்க்கப்பட்டிருக்கிறது. குழாய்க்குக் கீழே உள்ள கல்லைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நனைந்த பஞ்சு மாதிரி வழுவழுப்பாக ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் கழிவு நேற்று இன்று வரவில்லை, வாரக் கணக்காக வருகிறது.

மூன்றாவது, பம்ப் நிலையம். பள்ளத்துச் சாக்கடையை மேட்டுக்கு ஏற்றுகிற இடம். மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், தொட்டி நிரம்பினால் ஆற்றுக்குத்தான் வழியும். மின்தடை நேரமும் நாற்றம் வந்த நேரமும் பொருந்துகிறதா என்று ஒரு தாளில் ஒரு வாரம் குறித்து வையுங்கள். இந்தத் தாள் பிறகு யாரிடம் பேசினாலும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கடைசியும் பெரியதும், முதன்மைக் குழாய் உடைந்திருப்பது அல்லது சுத்திகரிப்பு நிலையம் வேலை செய்யாதது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வெள்ளம் எங்கள் எதெக்வினி மாநகராட்சியின் சாக்கடைக் குழாய்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் பம்ப் நிலையங்களையும் உடைத்துப்போட்டது, கடற்கரைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. இந்த அளவு கோளாறை நாம் கண்டுபிடிக்கத்தான் முடியும், கை வைக்க முடியாது.

*எப்போது கூப்பிட வேண்டும்:* மேன்ஹோல் வழிவதைக் கண்ட அந்த நிமிடமே, மாநகராட்சியின் தண்ணீர், சாக்கடைப் பிரிவை. தெரு மேன்ஹோல் மூடியை நீங்கள் தூக்காதீர்கள், கம்பு விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கிற வாயு ஆளை அந்த இடத்திலேயே சாய்த்துவிடும். மூடியின் மேல் எண் இருந்தால் அதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் போனில் இருப்பிடத்தோடு படம் அனுப்புங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஒரே அடைப்புக்கு ஐந்து வீட்டிலிருந்து ஐந்து புகார் போகட்டும்.

சரி செய்த பிறகும் இரண்டு மூன்று வாரம் பிள்ளைகளை இறக்காதீர்கள். முழுக்க நனைந்து குளிப்பதற்கு 100 மில்லிலிட்டரில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி 130-ஐத் தாண்டாமல் இருப்பதுதான் இலக்கு என்று 1996-ன் தென்னாப்பிரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற தண்ணீர் அந்த இலக்குக்குள் இருக்கும் என்று நம்ப முடியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ம்சுண்டூசியிலும் (சுருக்கமாக டூசி) உம்கேனியிலும் படகு ஓட்டும் டூசி பந்தயக்காரர்களுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு டூசி ஆற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் சோதிக்க நினைத்தால் அவர்களிடமே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, மேலே கொஞ்சம் காற்று இடம் விட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

மீன் செத்து மிதக்கிறது

இதில் வேகம் முக்கியம். தண்ணீர் ஓடிவிடும், காரணமும் அதோடு ஓடிவிடும். எடுத்துச் சமைக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள், யாராவது பொறுக்கிக்கொண்டிருந்தால் நின்று சொல்லுங்கள்.

பிறகு நான்கு விஷயம் பாருங்கள், ஒவ்வொன்றும் காரணத்தை ஒரு பக்கமாகத் தள்ளும்.

எந்த நேரம்? விடியற்காலையில் செத்து, மிச்ச மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. இரவில் பாசி ஆக்சிஜனைத் தின்னும், பகலில்தான் கொடுக்கும், அதனால் விடியலில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். நடுப்பகலில் திடீரென்று செத்தால் விஷத்தைச் சந்தேகியுங்கள்.

எந்த அளவு மீன்? ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன்தான் முதலில் போகும். குஞ்சும் பெரிசும் ஒன்றாகப் போனால், அல்லது குஞ்சு முதலில் போனால், விஷம்.

எந்த மீன்? கெளுத்தி மேலே வந்து காற்றை நேராக மூச்சுக்கு எடுக்கும். திலாப்பியாவும் மடவையும் செத்துக் கெளுத்தி உயிரோடு இருந்தால் ஆக்சிஜன் கதை. கெளுத்தியும் செத்திருந்தால், நண்டு வளையை விட்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தால், உடனே போனை எடுங்கள்.

பி.எச். என்ன? 6.5-லிருந்து 8.5 வரை இருந்தால் பெரும்பாலும் சரி. அதற்கு மேலேயோ கீழேயோ வெகுதூரம் போனால் அமிலமோ காரமோ கொட்டியிருக்கிறார்கள். ஒன்று கவனம், பாசி பிடித்த குளம் மதியத்தில் தானாகவே 9 காட்டும்.

இனி காரணங்கள். மிகச் சாதாரணமானது, எங்கள் பக்கத்து வசதியான வீடுகளின் நீச்சல் குளம். வடிகட்டியைக் கழுவுகிற குளோரின் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விட்டால், நீர் குறைந்த ஒரு சின்ன ஓடையில் நூறு மீட்டருக்கு மீன் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் சின்ன மீன் சாகிறதென்றால் முதலில் இதைத்தான் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த வடிகால் ஆற்றுக்கு வருவதே தெரியாது, சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்தது முதல் மழை. நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழை, தெருவில் சேர்ந்த எண்ணெய், குப்பை, சாணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொண்டுவரும். இரண்டு நாளில் தானாகத் தணியும். அதற்கடுத்தது சாக்கடை, மேலே சொன்னபடி தேடுங்கள்.

கடைசியாகத் தொழிற்சாலைக் கசிவு. 2019 ஆகஸ்டில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு ஆலையிலிருந்து சமையல் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் ம்சுண்டூசியில் இறங்கியது, பல கிலோமீட்டருக்கு மீன் செத்தது, அந்த ஆறு வந்து சேருவது உம்கேனியில்தான். 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் ஒரு வேளாண் இரசாயனக் கிடங்கு எரிந்தபோது, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்தும் ஓடையில் இறங்கி உம்லாங்கா கழிமுகம் வரை போனது, பக்கத்துக் கடற்கரைகளை மூடினார்கள். அதனால் மேலே எங்காவது கிடங்கில் தீ என்று கேள்விப்பட்டால் மீன் சாகும் வரை காத்திருக்காதீர்கள். தீயணைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று அன்றே கேளுங்கள்.

*எப்போது கூப்பிட வேண்டும்:* விஷம் என்று சந்தேகம் வந்தாலே போதும், நிரூபிக்கிற வேலை உங்களுடையது இல்லை. 1998-ன் தேசியத் தண்ணீர்ச் சட்டம் 20-வது பிரிவுப்படி கசிவுக்குக் காரணமானவர் உடனே தெரிவிக்கவும் கட்டுப்படுத்தவும் வேண்டும். அதைக் கவனிப்பது தேசியத் தண்ணீர், துப்புரவுத் துறை. மீனும் கழிமுகமும் என்றால் எசெம்வெலோ வனவிலங்கு அமைப்புக்கும் சொல்லுங்கள். அவர்கள் வருவதற்குள் ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலை விளிம்பு வரை, காற்றே இல்லாமல் நிரப்பி ஐஸில் வையுங்கள். கசிவுக்கு மேலே, நல்ல தண்ணீர் இருக்கும் இடத்திலும் ஒன்று. அந்த இரண்டாவது பாட்டில் இல்லையென்றால் முதலாவதை ஒப்பிட எதுவும் இருக்காது. மீன் எடுப்பதானால் இப்போதுதான் சாகிறதை எடுங்கள், ஊதிப்போனது ஆய்வுக்கு ஆகாது. நீதிமன்றத்துக்குப் போகும் மாதிரியை அதிகாரிகள்தான் எடுக்க வேண்டும், உங்களுடையது அவர்களுக்கு வழிகாட்ட மட்டும்.

நிறம் மாறிவிட்டது

சிவப்பு, நீலம், பால் வெள்ளை என்று இயற்கையில் வராத நிறம் என்றால் சாயம், பெயின்ட், அல்லது சிமென்ட் கழுவின தண்ணீர். தெருவில் யாராவது வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களா, கான்கிரீட் கலவை வண்டி கழுவினார்களா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான். சிமென்ட் தண்ணீரில் பி.எச். காகிதம் கடுமையாக ஏறும். பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் பாலம் பாலமாக மேலே போங்கள். நிறம் ஒரு மணி நேரம் வந்து நின்றுவிடும் பழக்கம் என்றால் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரமும் அதே நேரத்தில் குழாய் வாயில் போய் நில்லுங்கள். தொழிற்பேட்டைக்குள் போகும் குழாய் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டுக்குள் போய்ச் சண்டை போடாதீர்கள், படமும் நேரமும் அதிகாரியிடம் போகட்டும்.

பச்சைப் பெயின்ட் கொட்டினது மாதிரி மேலே படர்ந்திருந்தால் அது பாசி. சில வகை விஷம். ஆடு மாடு, நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காரணத்துக்கு நாற்றத் தலைப்புக்குத் திரும்புங்கள், பாசிக்குச் சாப்பாடு போடுவது பெரும்பாலும் சாக்கடைதான்.

நுரை, எண்ணெய்ப் படலம்

அருவிக்குக் கீழே பழுப்பு நுரை, மண் வாசனை, தொட்டால் உடையும் என்றால் இலைச்சாறு, விட்டுவிடுங்கள். வெள்ளை நுரை, சலவை வாசனை, குழாய் வாயைச் சுற்றி மட்டும் என்றால் சோப்பு, குழாயைப் பின்தொடருங்கள்.

வானவில் படலத்தைக் குச்சியால் கீறுங்கள். கண்ணாடி மாதிரி துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புச் சத்து தின்னும் பாக்டீரியா, கெடுதல் இல்லை. உடைந்தது மறுபடி ஓடி ஒட்டிக்கொண்டால் பெட்ரோலோ டீசலோ. தெருவில் வண்டி எண்ணெய் மாற்றுகிற இடத்தைப் பாருங்கள், அங்கே இல்லையென்றால் பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டி, அது நிபுணர் வேலை.

ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது

இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் பதினைந்து வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். ஆகவே "ஒரே நாளில் எல்லாரும் சேர்ந்து வாரிடலாம்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்.

ஒரு கார் நிறுத்துகிற அளவுதான் இருக்கிறது, பூக்கவில்லை என்றால் கையால் வாருங்கள். வாரியதை வெள்ளம் தொடாத மேட்டில் காயப்போடுங்கள். கரையிலேயே குவித்தால் அடுத்த மழை திருப்பி ஆற்றில் சேர்த்துவிடும், அந்தக் கஷ்டத்தை நாங்கள் பட்டிருக்கிறோம். அழகாக இருக்கிறதென்று வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள், சட்டப்படி அது கட்டுப்படுத்த வேண்டிய அந்நியச் செடி.

பெரிய பாய் மாதிரி இருந்தால், முதலில் இலையைப் புரட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன வெளிறிய சுரண்டல் தழும்பு நிறைய இருந்தால் அங்கே நியோகெட்டினா வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. தென் அமெரிக்காவில் இந்தச் செடியைத் தின்பதற்கென்றே இருக்கும் வண்டு, இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மருந்து அடித்தால் வண்டுக்குச் சாப்பாடும் வீடும் போகும், ஆகவே ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். தழும்பே இல்லையென்றால் வண்டு கிடைக்குமா என்று ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்கலாம். இலையைச் சாறு உறிஞ்சும் மெகாமீலஸ் என்ற சின்னத் தத்துப்பூச்சியையும் வளர்க்கிறார்கள். வண்டுக்கு மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். களைக்கொல்லியை உரிமம் உள்ளவர் மட்டும் தொடட்டும். மொத்தமாக அடித்தால் செடி ஒரே நேரத்தில் அழுகி ஆக்சிஜனைத் தின்று, அடுத்த வாரம் நீங்கள் மீன் தலைப்பைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

வண்டும் கையும் சேர்ந்தும் குறையவில்லையா? மேலே சாக்கடை வருகிறது. அதை நிறுத்தாமல் இதை நிறுத்த முடியாது.

தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறது

மழைக்குப் பிறகு மூன்று நாள் பொறுங்கள். அப்புறமும் தெளியவில்லையென்றால் மேலே ஒரு கட்டட மனையில் மண் திறந்து கிடக்கும். பொறுப்பாளரிடம் சொன்னால் சாக்குத் துணி வேலி போடுவார்கள். மழையே இல்லாமல் வாரநாளில் மட்டும் கலங்கி ஞாயிற்றுக்கிழமை தெளிந்தால் மணல் அள்ளுகிறார்கள். அதற்குச் சுரங்கத் துறை அனுமதி வேண்டும். லாரி எண்ணைத் தூரத்திலிருந்து குறித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். அவர்களிடம் நேரே பேசப் போகாதீர்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கரையில் பூஜைப் பொருள், பிளாஸ்டிக்

புளூ லகூனில் ஆடி மாதமும் காவடி நாளும் முடிந்து போய்ப் பாருங்கள். தேங்காய் மூடி, பட்டுத் துணி, ஊதுபத்திக் கவர், கற்பூரத் தாள், வெள்ளித்தாள் தட்டு. எதிர்க்கரையில் பீச்வுட் அலையாத்திக் காடு. சேற்றுக்கு மேலே விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களில் இந்தத் துணியும் கவரும் சுற்றிக்கொண்டால் வேர் மூடிப்போகிறது. கையால் ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடியும், இழுத்தால் வேர் ஒடியும்.

ஒரு ஆயாவிடம் தட்டைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன்.

"கங்கையம்மாவுக்குக் குடுத்ததை எப்படித் தம்பி திருப்பி எடுக்கிறது?"

"பூவும் இளநீரும் அம்மாவுக்கு ஆயா. கவர் கடைக்காரன் குடுத்தது, அதை நாம எடுத்துக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்து, கவரை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு நான் சொல்லும் முறையே அதுதான். வாழையிலையில் கொண்டுவரச் சொல்லுங்கள், துணியைக் கோயிலிலேயே ஏலம் விடச் சொல்லுங்கள், கரையில் ஒரு டிரம் வைத்து விழாவன்று இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். கோயில் கமிட்டி சொன்னால் ஜனம் கேட்கும், நாம் சொன்னால் முறைக்கும்.

பூஜைப் பொருள் இல்லாமல் பாட்டிலும் பாக்கெட்டும் மட்டும் என்றால் மேலே குப்பை வண்டி வராத இடம் இருக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே மிதக்கும் தடுப்புக் கட்டலாம், ஆனால் அதை வாரா வாரம் காலி செய்ய ஆள் இருந்தால் மட்டும், இல்லையென்றால் முதல் வெள்ளத்தில் தடுப்பும் சேர்ந்து கடலுக்குப் போகும். அரிசி அளவு வெள்ளை உருண்டைகள் மணலில் கிடந்தால் அது பிளாஸ்டிக் மூலப்பொருள். 2017 அக்டோபர் 10 புயலில் டர்பன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து விழுந்த பெட்டிகளிலிருந்து 49 டன் சிந்தியது, இன்னும் கிடைக்கிறது. சல்லடையால் சலித்து உலர் குப்பையில் சேருங்கள்.

முகத்துவாரம் மணலால் மூடிக்கொண்டது

"மண்வெட்டியோட பத்துப் பேர் வந்தா வெட்டி விட்டுடலாம்" என்று ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது சொல்வார்கள். வெட்டாதீர்கள்.

நம் கரையில் பெரும்பாலான சின்னக் கழிமுகங்கள் மழையில்லாத மாதங்களில் தானாக மூடி, கோடை மழையில் தானாக உடைத்துக்கொள்ளும். மூடியிருக்கும் காலம் மீன்குஞ்சு வளரும் காலம். முன்கூட்டியே வெட்டினால் தண்ணீர் ஒரே இரவில் வடிந்து குஞ்சும் சேறும் வெயிலில் காயும். வடிகிற தண்ணீரில் வேகமும் இருக்காது, அதனால் அடியில் சேர்ந்த வண்டலைத் தள்ளிக்கொண்டு போகாமல் சில நாளில் மறுபடி மூடும். அனுமதியில்லாமல் வெட்டுவது சட்டப்படியும் குற்றம்.

வழக்கத்தைவிட நெடுநாள் மூடியிருந்தால் மட்டும் காரணம் தேடுங்கள். இந்த வருடம் மழை குறைவா? மேலே யாராவது தண்ணீரை எடுக்கிறார்களா, அணையிலிருந்து விடுவது குறைந்திருக்கிறதா? கடைசியாக, ஆறே வேறு பக்கம் போய்விட்டதா? இசிபிங்கோவில் அதுதான் நடந்தது. 1950-களில் விமான நிலையத்துக்காக உம்லாஸ் ஆற்றைக் கால்வாய் வெட்டி நேராகக் கடலுக்கு விட்டார்கள், கழிமுகத்துக்குச் சின்ன இசிபிங்கோ ஆறு மட்டும் மிஞ்சியது. அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்கு ஈஸ்டர் சமயத்தில் போகிற ஆயிரக் கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு, அந்தக் கழிமுகம் நாறுவது இப்போது இருப்பவர்களால் மட்டும் இல்லை என்று தெரியும்?

அலையாத்தி இலை மஞ்சளாகிறதா, மூச்சு வேர் வாரக் கணக்காகத் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். முழுகியிருந்தால், அல்லது தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்தால், அது அவசரம். எசெம்வெலோவையும் மாநகராட்சியின் கடற்கரைப் பிரிவையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள், எந்த மட்டத்தில், எந்த அலை நேரத்தில் வெட்டுவது என்பது அவர்கள் கணக்கு.

தண்ணீர் தெளிவு, நாற்றமில்லை, ஆனால் எதுவும் அசையவில்லை

இதைத்தான் ஜனம் கவனிக்காமல் விடுகிறார்கள். கழிமுகத்துக்கும் அணைக்கும் பொருந்தாது, ஓடுகிற ஆற்றில், கல் இருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். சல்லடையைக் கீழே பிடித்துக்கொண்டு மேலே கல்லைக் காலால் ஐந்து நிமிடம் கிளறி, விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். இந்த மாகாணத்திலேயே உருவான மினிசாஸ் முறை பூச்சிகளை 13 கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைத்திருக்கிறது. இரண்டு வால் உள்ள கல்பூச்சிக்கு 17, நண்டு இறாலுக்கு 6, தட்டான் குஞ்சுக்கு 6, நத்தைக்கு 4, அட்டைக்கும் மண்புழு மாதிரி நெளிவதற்கும் 2. கிடைத்த கூட்டங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, கூட்டங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வருகிற சராசரி எவ்வளவு அதிகமோ ஆறு அவ்வளவு ஆரோக்கியம்.

ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள், வெள்ளம் முடிந்த வாரமும் செய்யாதீர்கள். அதே கல், அதே மாதச் சனிக்கிழமை. எங்கள் கல் வேலிக்குக் கீழே, பழைய அத்தி மரத்தடியில் இருக்கிறது. அங்கே தட்டான் குஞ்சு இரண்டு மாதம் தொடர்ந்து வரவில்லையென்றால், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மழைநீர்க் குழாய் வாய்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறோம்.